ஹாம் ரேடியோவில் கணினிக் கட்டுப்பாடும் ரேடியோ இடையூறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) நிலையம் அமைப்பவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ), ஆண்டெனா, கோஆக்ஸ் (இரண்டையும் இணைக்கும் உறையிட்ட ஒயர்) ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன.

கோளாறு வந்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அது எப்போது வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரிக் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போதே கணினியோடு பேச மறுத்தால், அது ஒயரிலோ டிரைவரிலோ அமைப்பிலோ உள்ள கோளாறு. ஃபெரைட் வளையங்களை (ஒயரில் ஏறும் ரேடியோ இடையூறைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையங்களை) எத்தனை மாட்டினாலும் தீராது. பிடிடி (அனுப்புவதற்கான பொத்தான்) அழுத்திய பிறகு மட்டும் தொடர்பு அறுந்தால், உங்கள் சொந்த ஆண்டெனாவின் ஆற்றல் அறைக்குள் திரும்பி வருகிறது என்று பொருள். டிரைவரை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அது போகாது. அனுப்புவதில் எந்தக் குறையும் இல்லாமல், கேட்கும்போது மட்டும் இரைச்சல் மிகுந்திருந்தால், வீட்டிலோ தெருவிலோ ஏதோ ஒரு கருவி அதை உண்டாக்குகிறது. இந்த மூன்றையும் முதல் நாளே பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். பிரிக்காமல் கிடைத்ததையெல்லாம் வாங்கி மாட்டுவதால்தான் நல்ல நிலையங்களில்கூட ஒரே கோளாறு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

கணினி ரிக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்வது?

முதலில் யூஎஸ்பி ஒயரை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் சில ஒயர்களில் தரவுக்கான இரண்டு கம்பிகளும் இருப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒயர் சரியென்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒயரைச் செருகிப் பிடுங்கிப் பாருங்கள். எந்தக் காம் போர்ட் எண் தோன்றி மறைகிறதோ, அதுவே ரிக்கினுடையது. வேறு துளையில் செருகினால் அந்த எண் மாறக்கூடும் என்பதால், ஒரே துளையையே எப்போதும் பயன்படுத்துவது நல்லது.

யேசு எஃப்டி-991ஏ போன்ற ரிக்குகளில் ஒரே யூஎஸ்பி ஒயரில் இரண்டு போர்ட்டுகள் தோன்றும். ‘என்ஹான்ஸ்டு’ என்ற பெயருள்ளது கேட் (CAT, கணினி ரிக்கைக் கட்டுப்படுத்தும் முறை) கட்டளைகளுக்கு. ‘ஸ்டாண்டர்டு’ என்பது பிடிடி, மோர்ஸ் சாவி ஆகியவற்றை இயக்குவதற்கு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எந்த விடையும் வராது. எஃப்டி-857, எஃப்டி-897 போன்ற பழைய ரிக்குகளில் பின்புறத் துளை ஒன்றே கேட், லீனியர் (ஆற்றல் பெருக்கி), டியூனர் (ஆண்டெனாவைப் பொருத்தும் கருவி) மூன்றுக்கும் பொதுவானது. ரிக்கின் பட்டியலில் (மெனுவில்) அதைக் கேட் என்று மாற்றாதவரை கணினி எவ்வளவு கூப்பிட்டாலும் ரிக் திரும்பிப் பார்க்காது. ரிக்கிலும் மென்பொருளிலும் பாட் வேகம் (தரவு செல்லும் வேகம்) ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை என்றாலும், அதிகம் தவறுவது அதில்தான்.

ஐகாம் ரிக் வைத்திருப்பவர்கள் டிரைவரை நிறுவிய பிறகே யூஎஸ்பி ஒயரைச் செருக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய யூஎஸ்பி-சீரியல் ஒயரை நம்பலாமா?

எங்கே வாங்கினோம் என்பதைவிட, உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்பதே முக்கியம். புரொலிஃபிக் பிஎல்2303 சில்லின் பழைய வகைகளையும் போலிகளையும் அந்நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோடு 10’ என்ற செய்தியும் தோன்றும். எஃப்டிடிஐ சில்லின் போலிகளும் சந்தையில் உண்டு. சிலிக்கான் லேப்ஸ் சில்லு உள்ளவையும், நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கிய எஃப்டிடிஐ ஒயர்களும் தொல்லை தராமல் உழைக்கின்றன. சிஎச்340 சில்லு மலிவானது. கேட் வேலைக்கு அதுவே போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஐகாமின் சிஐ-வி என்னும் கட்டுப்பாட்டுத் துளையும் யேசு எஃப்டி-817, 857, 897 ஆகியவற்றின் கேட் துளையும் 5 வோல்ட் டிடிஎல் அளவில் பேசுபவை. பழைய கணினியின் ஒன்பது முள் ஆர்எஸ்-232 துளையிலோ அதே அளவில் நேர், எதிர் என இரு பக்கமும் மின்னழுத்தம் வரும் அடாப்டரிலோ இவற்றை நேரடியாக இணைத்தால் ரிக்கின் உள்ளே இருக்கும் சில்லு கெட்டுப்போகலாம். இடையில் மட்டம் மாற்றும் சுற்று கட்டாயம் வேண்டும்.

ஐகாம் ரிக் சில நேரம் விடை தருகிறது, சில நேரம் தருவதில்லை. ஏன்?

சிஐ-வி என்பது ஒரே கம்பியில் பல கருவிகள் மாறி மாறிப் பேசும் முறை. ஒவ்வொரு ரிக்குக்கும் ஒரு முகவரி உண்டு; ஐசி-7300க்கு ஹெக்ஸ் முறையில் 94, கட்டுப்படுத்தும் கணினிக்கு வழக்கமாக ஈ0. மென்பொருளில் வேறு மாதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முகவரி பொருந்தாமல் ரிக் பேசாமல் இருந்துவிடும். ‘சிஐ-வி டிரான்சீவ்’ இயங்கும் நிலையில் இருந்தால், குமிழைத் திருப்பும்போதெல்லாம் ரிக் தானாகவே செய்தி அனுப்பும். அதே நொடியில் கணினியும் கேள்வி கேட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதை அணைத்துவிட்டால் விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் நின்றுவிடும். ஐசி-7300-இன் அலைக்கற்றைக் காட்சியைக் கணினியில் பார்க்க விரும்பினால், யூஎஸ்பி போர்ட்டை ரிமோட் துளையிலிருந்து பிரித்து வைத்து வேகத்தை 115200 என்று அமைக்க வேண்டும்.

மென்பொருளைத் திறந்த கணமே ரிக் தானாக டிரான்ஸ்மிட் செய்யத் தொடங்குகிறது. இது இடையூறா?

இல்லை. கணினி ஒரு சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது ஆர்டிஎஸ், டிடிஆர் என்னும் இரண்டு கம்பிகளை உயர்த்துவது வழக்கம். ரிக்கின் பட்டியலில் அந்தக் கம்பிகளுள் ஒன்று பிடிடிக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், போர்ட் திறந்ததும் ரிக் அனுப்பத் தொடங்கிவிடும். மென்பொருளில் இரண்டையும் தாழ்ந்த நிலைக்கு மாற்றுங்கள். அல்லது பிடிடியைக் கேட் கட்டளை வழியாகவே கொடுத்து, ரிக்கில் அந்த ஒதுக்கீட்டை நீக்குங்கள். கணினி தொடங்கும்போதும் சில வேளை இது நிகழும் என்பதால், சரிசெய்யும் வரை ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (அலையை வெளியே வீசாமல் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் சோதனைச் சுமையை) இணைத்து வைப்பதே பாதுகாப்பு.

லாகிங் (தொடர்புகளைப் பதியும்) மென்பொருளும் எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் தொடர்பு) மென்பொருளும் ஒன்றாக ஓடவில்லையே?

ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். எஃப்எல்ரிக், ஆம்னி-ரிக், ஹேம்லிப்பின் ரிக்சிடிஎல்டி ஆகியவற்றுள் ஒன்றை நடுவில் வைத்து, மற்றவற்றை அதோடு இணையுங்கள்.

உபுண்டுவில் போர்ட் தெரிகிறது, ஆனால் திறக்க அனுமதி இல்லை என்கிறது.

உங்கள் பயனர் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 ஒயர் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்னும் சேவை அதைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது. அந்த வசதி தேவைப்படாத கணினியில் அதை நீக்கிவிடலாம்.

எஃப்டி8 ஒலி நன்றாகக் கேட்கிறது; திரையில் ஒரு வரியும் வரவில்லை.

எஃப்டி8 15 நொடிக் கட்டங்களில் இயங்குவதால், கணினியின் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினாலே சிக்கல் தொடங்கிவிடும். இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யுங்கள். இணையம் கிடைக்காத ஏலகிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் முகாமிட்டால் யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவி கைகொடுக்கும். கடிகாரம் சரியென்றால், மென்பொருள் ரிக்கின் ஒலிக்கருவியைக் கேட்கிறதா, மடிக்கணினியின் மைக்கைக் கேட்கிறதா என்று பாருங்கள். ரிக்கின் ஒலிக்கருவியை விண்டோஸின் இயல்பு ஒலிக்கருவியாக ஒருபோதும் வைக்காதீர்கள். கணினியின் எச்சரிக்கை மணிகள் எல்லாம் காற்றில் போய்விடும்.

டிரான்ஸ்மிட் செய்தால் மட்டும் யூஎஸ்பி அறுந்து மென்பொருள் நின்றுவிடுகிறது. எப்படித் தீர்ப்பது?

மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. மிக அதிகம் தவறான இடத்தில் மருந்து போடப்படுவதும் இதற்கே. முதலில் ஒரு சோதனை. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, அதே அலைவரிசையில், அதே வாட்டில், டம்மி லோடுக்குள் அனுப்பிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றம் ஆண்டெனாப் பக்கம். மறையவில்லை என்றால் ரிக்கின் மின்வழங்கி, அறைக்குள் உள்ள இணைப்பு ஒயர்கள், தளர்ந்த கோஆக்ஸ் கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். அடுத்து ஆண்டெனாவை மீண்டும் இணைத்து, 5 வாட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, எந்தப் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) எத்தனை வாட்டில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பயன் தந்ததா என்பதை அந்தக் குறிப்பு மட்டுமே சொல்லும்.

ஆண்டெனாப் பக்கம் என்று தெரிந்தால், பெரும்பாலும் அது காமன் மோடு மின்னோட்டமே. கோஆக்ஸின் உட்கம்பியிலும் மேலுறையின் உட்பரப்பிலும் ஓடுவது ஆண்டெனாவுக்குப் போக வேண்டிய ஆற்றல். மேலுறையின் வெளிப்பரப்பு வேறொரு தனிக் கம்பியைப் போல நடந்துகொள்ளும். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் வேறு, குழாயின் வெளிச்சுவரில் வழியும் தண்ணீர் வேறு என்பதைப் போல. பாலன் (கோஆக்ஸை ஆண்டெனாவோடு சமநிலையில் இணைக்கும் கருவி) இல்லாத டைபோலில் (இரு கைக் கம்பி ஆண்டெனாவில்) ஒரு கையின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு இந்த வெளிப்பரப்பில் இறங்கி, ரிக்கின் உடல் வழியாக யூஎஸ்பி ஒயரின் மேலுறைக்கும், அங்கிருந்து மடிக்கணினிக்கும், மின்சார வயரிங்குக்கும் போகிறது. ஆண்டெனாப் பொருத்தத்தைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.1 காட்டினாலும் இது நடக்கும். எஸ்டபிள்யூஆர் நன்றாக இருப்பதால் காமன் மோடு இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

இங்குள்ள வீடுகளின் அமைப்பும் இதற்கு உதவிவிடுகிறது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தள அறைக்குக் கோஆக்ஸை இறக்கினால் ஏறத்தாழ 10 மீட்டர் ஆகும். 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். மொட்டைமாடி அறையிலேயே ரிக்கை வைத்து 5 மீட்டர் ஒயர் இழுத்தால் அது 14 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம். ஒரு பேண்டில் தொல்லையே இல்லாமல், அடுத்த பேண்டில் 20 வாட்டிலேயே கணினி நின்றுபோவதற்கு இத்தகைய ஒத்திசைவே காரணம். கோஆக்ஸை இரண்டு மீட்டர் கூட்டியதும் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் தொல்லை தீரவில்லை, வேறொரு பேண்டுக்கு நகர்ந்திருக்கிறது.

தீர்வு ஆண்டெனாவின் ஊட்டுமுனையில் தொடங்க வேண்டும். டைபோல் என்றால், ஊட்டுமுனையிலேயே 1:1 கரண்ட் பாலன். ஒரு முனையில் ஊட்டும் அரை அலை ஆண்டெனா என்றால், 49:1 டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்க்கம்பி (ஆண்டெனாவின் மறுபாதியாக நிற்கும் கம்பி) ஏதும் கொடுக்காதபோது கோஆக்ஸின் வெளிப்பரப்பே எதிர்க்கம்பி ஆகிவிடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 2 மீட்டர் கம்பியை எதிர்க்கம்பியாகக் கட்டி, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே சோக் (காமன் மோடு மின்னோட்டத்தைத் தடுக்க ஃபெரைட்டில் சுற்றிய ஒயர்) போடுங்கள். கோஆக்ஸையே எதிர்க்கம்பியாக விட்டால் அதே 2 மீட்டர் தள்ளிச் சோக் போடுங்கள். இடப்பற்றாக்குறையால் கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஆண்டெனாவைக் கட்டியிருந்தால், கிடைக்கிற உயரத்துக்கும் தூரத்துக்கும் தள்ளிக் கட்டுங்கள். நேரடியாக வீசும் அலையை எந்தச் சோக்காலும் தடுக்க முடியாது.

அதன் பிறகு, கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக். யூஎஸ்பி ஒயர் குட்டையாக இருக்கட்டும். ஃபெரைட் வளையத்தில் ஆறேழு சுற்றுச் சுற்றி, இயன்றால் இரு முனையிலும் போடுங்கள். மடிக்கணினியின் அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உடனே சரியானால், ரேடியோ ஆற்றல் அடாப்டரின் ஒயர் வழியாக வருகிறது, சோக் அதற்குத்தான் தேவை. மேசைக் கணினியில் ஸ்பீக்கர், மவுஸ், லேன் ஒயர் ஒவ்வொன்றையும் கழற்றிக் கழற்றிப் பார்ப்பதே வழி.

எந்த ஃபெரைட் வாங்க வேண்டும்?

எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்கு 31 எனப்படும் கலவை சிறந்தது. 43 கலவை 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும். கீழே கூடுதல் சுற்றுகள் தேவைப்படும். 61 மிமீ வெளிவிட்டமுள்ள 31 கலவை வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸை 11, 12 சுற்றுச் சுற்றினால் 7, 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் பல ஆயிரம் ஓம் தடை கிடைக்கும்.

ஒயரின் மேல் கிளிப் போல மாட்டும் ஃபெரைட்டை ஒன்றே ஒன்று மாட்டிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் பலர். ஒயர் ஒரு முறை மட்டும் நுழைந்து போனால் எச்எஃபில் கிடைக்கும் தடை மிகக் குறைவு. தூண்டல் சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மூன்று சுற்று ஒரு சுற்றைவிட ஒன்பது மடங்கு தரும். பழைய மானிட்டர் ஒயரிலிருந்து வெட்டியெடுத்த ஃபெரைட் என்ன கலவை என்று தெரியாது. நானோவிஎன்ஏ என்னும் சிறு அளவீட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அளந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

பூமிக் கம்பி அடித்தால் இடையூறு போய்விடுமா?

போகாது. மின்சாரப் பாதுகாப்பு, இடிமின்னல் பாதுகாப்பு, ஆண்டெனாவின் எதிர்க்கம்பி ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். மாடி அறையிலிருந்து தோட்டத்துக்கு இறக்கிய 6 மீட்டர் பூமிக் கம்பி, 50 ஹெர்ட்ஸுக்குத்தான் பூமி. 14 மெகாஹெர்ட்ஸுக்கு அது இன்னோர் ஆண்டெனா. ஆனாலும் பாதுகாப்புக்காகப் பூமி இணைப்பு நன்றாகவே இருக்க வேண்டும். வேலூரைச் சுற்றிப் பாறையும் வறண்ட செம்மண்ணும் மிகுதி. அக்னி நட்சத்திரத்தில் மண் காய்ந்துவிட்டால் பூமித் தடை ஏறிவிடும். கரியும் உப்பும் இட்டுக் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் சரியானதே. நிலையத்துக்கென்று தனியாக அடிக்கும் கம்பியை வீட்டின் பூமியோடு இணைத்தே ஆக வேண்டும். இரண்டும் தனித்தனியாக நின்றால், மின்னல் அருகில் விழும் நாளில் இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு உங்கள் ரிக் வழியாகவும் கணினி வழியாகவும் பாயும்.

மடிக்கணினியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. ஒலியிலும் ஹம் வருகிறது.

எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் முறை மின்வழங்கி) அடாப்டருக்குள் இடையூறைக் குறைக்க வைக்கும் ஒய் மின்தேக்கிகள், பூமி இல்லாத இரண்டு முள் இணைப்பில், கருவியின் உடலை ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அருகில், மிதக்க வைக்கின்றன. மின்னோட்டம் மிகச் சிறிது. ஆனால் அந்த நிலையில் யூஎஸ்பி ஒயரை ரிக்கில் செருகினால் போர்ட் கெடக்கூடும். மூன்று முள் அடாப்டரையும் உண்மையாகவே பூமி இணைக்கப்பட்ட பிளக் பாயிண்டையும் பயன்படுத்துங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறுமனே இருப்பதுண்டு என்பதால் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள். பூமி சரியான பிறகும் ஹம் இருந்தால், ஒலிப் பாதையில் 600:600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நின்றுவிடும்.

எந்நேரமும் எஸ்7 (ரிக்கின் எஸ்-மீட்டரில் 7) அளவுக்கு இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிக்கைப் பேட்டரியில் ஓட்டி, எஸ்-மீட்டரைப் பார்த்துக்கொண்டே வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க மறக்காதீர்கள். மெயினை அணைத்ததும் அது விழித்துக்கொண்டு தன் இரைச்சலைச் சேர்த்துவிடும். இரைச்சல் விழுந்தால், குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுத் தேடுங்கள். எல்இடி விளக்கின் டிரைவர், கைப்பேசி அடாப்டர், சிசிடிவி பதிவுப்பெட்டியின் மின்வழங்கி, ரிமோட்டில் இயங்கும் பிஎல்டிசி மின்விசிறி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை வீணாக்காதீர்கள். தெரு முழுக்க மின்சாரம் நிற்கும் அந்தச் சில மணி நேரமே, உங்கள் இடத்தின் உண்மையான இரைச்சல் மட்டம் என்ன என்பதைக் காட்டும் வாய்ப்பு. அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்கள் அப்போது ஓடும் என்றாலும், மின்தடைக்கு முன் எஸ்7, இடையில் எஸ்3 என்று கண்டால், 24 டெசிபல் இரைச்சல் மின்கம்பியிலிருந்தோ அதில் ஓடும் கருவிகளிலிருந்தோ வருகிறது என்று உறுதியாகிவிடும்.

இரைச்சலின் நேரமும் குரலும் நிறையச் சொல்லும். காலையில் வெயிலோடு தொடங்கிப் பொழுது சாய்ந்ததும் நிற்பது, கூரைச் சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டராகவோ சார்ஜ் கன்ட்ரோலராகவோ இருக்கும். தகட்டிலிருந்து இறங்கும் நேர், எதிர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஃபெரைட்டில் சுற்றினால் நன்றாகவே குறையும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள், ஷிப்டு நேரத்தில் மட்டும் வரும் உறுமலைக் கேட்டால், டிரம்களைச் சுழற்றும் மோட்டார்களின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவிகளை நினைத்துக்கொள்ளலாம். 50 அல்லது 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மேடு மேடாகத் தோன்றி மெல்ல நகர்வது எஸ்எம்பிஎஸ். குடியாத்தத்தில் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும்போது தெருவெல்லாம் சீரியல் விளக்குகள் எரியும். அந்த நாள்களில் இரைச்சலைத் தேடிப் புறப்படுவதில் பொருளில்லை.

பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் என் குரல் கேட்கிறது என்கிறார்கள். யார் சரிசெய்ய வேண்டும்?

முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள், பிறகு பேசுங்கள். உங்கள் வீட்டில் அதே போன்ற கருவியில் கேட்காமல் அவர்கள் வீட்டில் மட்டும் கேட்டால், நீளமான ஸ்பீக்கர் ஒயரோ சிசிடிவி ஒயரோ உங்கள் அலையைப் பிடித்துக்கொள்கிறது. சட்டப்படி உங்கள் ரிக் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் இரண்டு ஃபெரைட் வளையங்களை நீங்களே வாங்கிக்கொண்டுபோய், அவர்கள் முன்னிலையில் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக் கொடுப்பது என் பரிந்துரை. மொட்டைமாடியில் ஆண்டெனா நிற்க அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம் வேண்டும். அனுப்பும்போது ஆர்சிசிபி (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தாலும் காரணம் இதுவே. மின்வயரிங்கில் ஏறும் ஆற்றலை ஆண்டெனாப் பக்கத்தில் குறைக்க வேண்டுமே தவிர, ஆர்சிசிபியைக் கழற்றிவிடக் கூடாது.

வறண்ட நாள்களில் மட்டும் கரகரவென்ற இரைச்சல். மழை பெய்தால் நின்றுவிடுகிறது.

இது மின்கம்பத்துப் பொறி. தளர்ந்த இணைப்பிலோ துருப்பிடித்த ஆணியிலோ மிகச் சிறிய இடைவெளியில் பொறி தாவும். 50 ஹெர்ட்ஸின் ஒவ்வொரு பாதிச் சுழற்சியிலும் தாவுவதால் 100 ஹெர்ட்ஸ் முரலாகக் கேட்கும். மழை ஈரம் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால் தற்காலிகமாக நிற்கிறது. காட்பாடி, ஜோலார்பேட்டை இருப்புப்பாதையை ஒட்டி வசிப்பவர்கள், 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில் ரயில் கடக்கும்போது சில நொடி மட்டும் கேட்கும் வெடிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேடுவதற்குக் கையடக்க ஏஎம் ரேடியோவில் தொடங்குங்கள். இரைச்சல் கம்பி வழியே நெடுந்தூரம் பயணிப்பதால் ஏஎம் ரேடியோ தெருவை மட்டுமே காட்டும். கம்பத்தைக் கண்டுபிடிக்க, ஏஎம் முறையில் கேட்கக்கூடிய விஎச்எஃப் ரிசீவரும் மூன்று எலிமெண்ட் யாகியும் (திசை அறிய உதவும் ஆண்டெனா) வேண்டும்; அலைவரிசை உயர உயர, பொறிக்கு அருகில் மட்டுமே இரைச்சல் கேட்கும். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது ஆகியவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். கம்பத்தில் எழுதியுள்ள எண், தெருவின் பெயர், இரைச்சல் கேட்கும் நேரம் ஆகியவற்றை எழுதி, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். ரேடியோவில் இரைச்சல் என்று மட்டும் எழுதாமல், கம்பத்தில் பொறி தாவுகிறது, இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்றும் எழுதுங்கள். தளர்ந்த இணைப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது லைன்மேனுக்குத் தெரியும்.